இராத்திரி வேலை பார்க்கும் கல்லீரல்

"ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். பாஸ்டிங் எப்படிங்க 112 வரும்?" இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பாவம், பழி இட்லியின் மேல் விழுகிறது. அது செரித்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். விசாரிக்க வேண்டியது கல்லீரலை.

மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும், தூக்கத்திலும்கூட. இரவில் அதைத் தருவது கல்லீரல்தான். கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்த 100 கிராம் அளவிலான இருப்பை அது உடைத்துவிடும். அமினோ அமிலம், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதிதாகவும் தயாரிக்கும். இந்தத் தயாரிப்பை அடக்கி வைப்பது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினின் அதட்டலுக்கு அது பணிவதில்லை. போதாக்குறைக்கு விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களும் தூண்டிவிடுகின்றன. முதல் நாள் இரவு பட்டினி கிடந்து பரிசோதனையை ஏமாற்றப் பார்ப்பவர்களுக்குப் பெரிய பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனமோ 110-இல்தான் தொடங்குகிறது. 105 உள்ளவர் ஒரு கணக்கில் தேறுவார், இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்! 126-ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் நீரிழிவு.

இடையில் இருப்பவர்கள் தப்ப முடியுமா? சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீராக்கி, தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம். மெட்பார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் சுவாரசியம். உழைக்கும் தசை, இன்சுலினைப் பெரிதும் எதிர்பார்க்காமல் குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் அந்த 531 பேரையும் பாஸ்டிங் அளவை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. வெறும் வயிற்றில் 98 வந்துவிட்டதென்று இரண்டாவது ஊசிக்குக் காத்திராமல் கிளம்பிவிடுபவர்கள் தவறவிடுவது அந்த அளவைத்தான்.