இடைநிறுத்திய மெய்நிகர் கணினியின் கடிகாரம் ஏன் பிந்துகிறது?

மெய்நிகர் கணினியை இடைநிறுத்தினால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து இயக்கினால், உள்ளே ஓடும் லினக்ஸுக்கு அந்தப் பத்து நிமிடம் கடந்ததே தெரியாது. கணினிகளின் நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கெர்பரோஸ் உள்நுழைவு முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதற்கு மேல் கதவைச் சாத்திவிடும்.

மெய்நிகர் கணினியை ஓடும்போதே வேறு சர்வருக்கு மாற்றினால் நினைவகம் முன்பே நகலாகிவிடுவதால் நிறுத்தம் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடியும். ஆனால் புதிய பிராசஸரின் துடிப்பெண்ணி வேறு வேகத்தில் ஓடலாம். லினக்ஸின் மெய்நிகராக்க மென்பொருளான கேவிஎம் இதை அழகாகத் தீர்க்கிறது: மெய்நிகர் கணினியின் நினைவகத்திலேயே நேரத்தையும், துடிப்பை நானோநொடியாக்கும் பெருக்கெண்ணையும் எழுதிவைத்து, இடம் மாறியதும் புதுப்பிக்கிறது.

இழந்த நேரத்தை மீட்பது நேர ஒத்திசைவு நெறிமுறையான என்டிபியின் வேலை. மெல்ல நகர்த்தினால் நொடிக்கு அரை மில்லிநொடிதான். ஒரு நொடி பிந்தியதைச் சரிசெய்ய 33 நிமிடம் ஆகும். வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால் அதன் வழக்கமான நிரலான என்டிபிடி தன்னையே நிறுத்திக்கொள்ளும். ஆகவே மெய்நிகர் கணினிகளுக்கு இன்னொரு என்டிபி நிரலான குரோனியே பொருத்தம்: எப்போது வேண்டுமானாலும் ஒரே தாவலில் திருத்த அதில் அனுமதிக்கலாம், கேவிஎம் வழியாக ஹோஸ்டின் கடிகாரத்தை நேரடியாகவும் படிக்க வைக்கலாம்.

கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது இந்தியாவில் சட்டக் கடமையும்கூட. 2022 ஏப்ரல் 28இல் வெளியான கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும்.