நர்சம்மா ஊசி போட மட்டும் வரவில்லை



போன மாதம் கீழவைப்பாரில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, ஊக்குநர் கடன் தவணையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் கிராம சுகாதார செவிலியர் பையோடு வாசலில் வந்து நின்றார். உடனே ஒரு மைனி, "நர்சம்மா வந்திருக்காவ, யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று கேட்டார். நர்சம்மா சிரித்துவிட்டு, "யாருக்கும் ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதான் மைனி வாரேன்" என்றார்.

இதே கேள்வியை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர், காய்ச்சல் வந்தால் மாத்திரை தருகிறவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆஸ்பத்திரி நர்சுக்கு அது சரி. அங்கே நோயாளி அவரைத் தேடி வருவார். ஊருக்குள் வரும் நர்சம்மாவோ நோய் வரும் முன்னே வீடு தேடி வருகிறவர். வேலை நன்றாக நடந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் புரிவதில்லை.

வீடு தேடிப் போகும் இந்த வேலை எப்படித் தொடங்கியது தெரியுமா? நம் தூத்துக்குடி போல இங்கிலாந்தில் லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். அங்கே ராத்போன் என்ற வியாபாரி, தன் மனைவியை நோயில் கவனித்த மேரி ராபின்சன் என்ற நர்சை 1859-ல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். மூன்று மாதத்துக்குப் பேச்சு. வீடுகளில் இருந்த அழுக்கையும் வறுமையையும் பார்த்து, ஒரே மாதத்தில் "என்னை விட்டுவிடுங்கள்" என்று அந்த அம்மா கேட்டார். ராத்போன் சமாதானம் சொல்லி மூன்று மாதமும் வேலை செய்ய வைத்தார். அந்த மூன்று மாதத்தில் கிடைத்த பலனைப் பார்த்துத்தான் இந்தச் சேவை பெரிதாக வளர்ந்தது.

நம் தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு நிலையம், அதற்கு ஒரு நர்சம்மா என்பது கணக்கு. காலியிடம் இருந்தால் ஒருவரே இரண்டு நிலையங்களைப் பார்க்க வேண்டி வருகிறது. அவர் காலை பதினொரு மணிக்கு நம் தெருவுக்கு வரும்போது பாதிப் பேர் மீன் விற்கப் போயிருக்கிறோம். வீடு பூட்டியிருக்கிறது, அவரும் திரும்பிப் போகிறார். நம்மை மொத்தமாகப் பார்க்க அவருக்குக் கிடைக்கும் ஒரே இடம் குழுக் கூட்டம்தான்.

நான் வேலை பார்த்த வேறொரு கடற்கரை ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழு உறுப்பினர் ஒருவரின் மகள் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் தாய் வீடு வந்திருந்தாள். புருஷன் ஊரில் பதிவு செய்திருந்ததால் அங்குள்ள நர்சம்மாவிடம்தான் அவள் கணக்கு இருந்தது. தாய் வீட்டு ஊர் நர்சம்மாவுக்கு இப்படி ஒரு பெண் வந்திருப்பதே தெரியாது. வந்து மூன்று வாரம் ஆகியும் யாரும் சொல்லவில்லை. காலும் முகமும் வீங்கியிருந்தது. "தலைப்பிள்ளைக்கு நீர் வாங்கத்தான் செய்யும்" என்றார்கள் பெரியவர்கள். தலைவலி என்றதற்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு அம்மாவோடு சும்மா வந்து உட்கார்ந்திருந்தவளை நர்சம்மா தற்செயலாகப் பார்த்தார். ரத்த அழுத்தம் 160/110 இருந்தது. உடனே 108-க்குப் போன் போட்டார்கள்.

கர்ப்பத்தில் காலில் லேசாக வீக்கம் வருவது சாதாரணம். ஆனால் முகம், கை வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போனால் வலிப்பு வரலாம். அந்தக் காலத்தில் இதைத்தான் பிரசவ ஜன்னி என்று சொல்லி, பேய் பிசாசு என்று நினைத்துத் தாயையும் பிள்ளையையும் பறிகொடுத்தார்கள். இப்போது ஐந்து நிமிட ரத்த அழுத்தப் பரிசோதனையிலும் சிறுநீர்ப் பரிசோதனையிலும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். அன்று கூட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதனால் தாய் வீடு வரும் பிள்ளைகள் தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டுவர வேண்டும். வந்த வாரத்திலேயே அந்த ஊர் நர்சம்மாவிடம் காட்ட வேண்டும். இன்னொன்று, கண்ணு பட்டுரும் என்று ஐந்து மாதம் வரை வெளியே சொல்லாமல் இருக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்சம்மாவுக்கு மட்டுமாவது பன்னிரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். 1987-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2018-லிருந்து மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தருகிறார்கள்.

தடுப்பூசியைப் பற்றி நம் பெண்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை என்றாலே தெரியும். ஊசி போட்ட அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது என்று ஆறாவது வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பத்தாவது, பதினான்காவது வாரமும் போட்டால்தான் பாதுகாப்பு முழுமையாகும். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது இப்படி வீடு வீடாக விடாமல் சொட்டு மருந்து போட்டதால்தான்.

அடுத்தது தண்ணீர். வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தில் ஊர் இருந்தாலும், குடிக்க நல்ல தண்ணிக்கு நாம் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். கிடைக்கிற நாளில் குடம், டிரம், தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, இந்த நல்ல தண்ணிதான் அதற்குப் பிடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் அது முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிக் காய வைத்தாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் என்று நர்சம்மா தலைபாடாய் அடித்துக்கொள்கிறார். வெறுமனே தண்ணியை மாற்றினால் பலன் இல்லை. கரையில் ஏற்றிப் போட்ட பழைய வள்ளம், உடைந்த ஐஸ் பெட்டி இவற்றிலும் மழைத் தண்ணி நிற்கும். அதைக் கவிழ்த்து வைப்பது ஆண்கள் வேலை. நாம்தான் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

ஆண்கள் என்றதும் பிரஷர் மாத்திரை ஞாபகம் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மாதாமாதம் வீட்டிலேயே தருகிறார்கள். இந்தத் தன்னார்வலர்கள் யார்? சுய உதவிக் குழுப் பெண்கள்தான், நம்மில் ஒருத்தர். ஆனால் அவர் வரும்போது ஆண்கள் கடலில் இருப்பார்கள், அல்லது வலை வேலை முடித்துத் தூங்குவார்கள். "எனக்குத் தலை சுத்தவே இல்லயே, எதுக்கு மாத்திர?" என்று கேட்பவர்களும் உண்டு. பிரஷர் பல பேருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும். கை கால் விழுந்த மனிதரால் வள்ளம் தள்ள முடியுமா? அந்த வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும்? கருவாடும் ஊறுகாயும் தினம் சாப்பிடும் நமக்கு உப்பு ஏற்கெனவே கூடுதல். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடல் தொழிலுக்கு ஓய்வான ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லி நம் தன்னார்வலரிடம் கேட்கலாம்.

அன்று கீழவைப்பார் கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். இனி ஒவ்வொரு கூட்டத்திலும் நர்சம்மாவுக்குச் சொல்ல வேண்டிய தகவலை ஊக்குநர் விசாரிப்பார். யாராவது புதிதாக முழுகாமல் இருக்கிறார்களா, பிரசவத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர் உண்டா, யார் வீட்டிலாவது மூன்று நாளாகக் காய்ச்சலா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா என்று கேட்பார். ஒரே ஒரு விஷயம். இருமல் பற்றிய தகவலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேச வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். டி.பி. என்று வாய் விட்டுச் சொன்னால் அந்த வீட்டுக்குப் பெண் எடுக்க மாட்டார்கள் என்று பயப்படுகிற ஊர் இது. பயந்தால் மறைப்பார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் நோயை மறைத்து வீட்டுக்குள் பரப்பிவிடுவார்கள். அதனால் அந்தத் தகவல் ஊக்குநரிடம் தனியாக, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு போக வேண்டும்.

நோட்டு அட்டையில் நர்சம்மாவின் போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, முதலில் கேள்வி கேட்ட அதே மைனி வாசல் வரை கூடவே போய், தன் மருமகளைப் பற்றி மெதுவாக ஏதோ சொன்னார். நர்சம்மா மறுபடி பையை இறக்கி வைத்துப் பதிவேட்டை எடுத்தார்.