சுருட்டி வைத்த வயர் சொல்லும் பொய்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் 15 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிவிடும். வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. அப்படிப்பட்ட ஓர் இரவில் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயர்மேன் வருகிறார். மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை இணைப்பில் வைக்கிறார். திரையில் பூஜ்ஜியம். அங்கே மின்சாரம் இல்லை என்கிறது மீட்டர். உண்மையில் அங்கே 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது.

மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. சிவப்பு வயருக்குள் செம்பு அறுந்திருக்கிறது. மேலே உறை பளபளவென்று புதிதாகவே தெரிகிறது. மாதக்கணக்கில் அந்த வயரை எப்படிச் சுருட்டி வைத்தார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வேலை முடிந்ததும் இரண்டு வயர்களையும் மீட்டரின் உடம்பிலேயே இறுக்கிச் சுற்றி, முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகிவிடுகிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சுற்றி வைத்தவன்தான்.

வயருக்குள் இருப்பது ஒரே கம்பி அல்ல. தலைமுடி போன்ற மெல்லிய செம்பு இழைகளின் கட்டு. ஒரு கம்பியை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். எவ்வளவு நீளும் என்பதைக் கணக்கிடுவது எளிது: கம்பியின் பாதித் தடிமனை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையை 50 மில்லிமீட்டர் ஆரத்தில், அதாவது உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றினால், அது நீள்வது 0.1 விழுக்காடுதான். அதே இழை மீட்டரின் மூலையில் 2 மில்லிமீட்டர் ஆரத்தில் மடங்கினால் 2.5 விழுக்காடு. இருபத்தைந்து மடங்கு! செம்பு இதை ஒரு தடவை தாங்கும், பத்துத் தடவையும் தாங்கும். ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒடிந்துவிடும். பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்திருப்பீர்களே, அதே கதைதான்.

மிக அதிகமாக அடிபடும் இடம் வயர் பிளக்குக்குள் நுழையும் கழுத்து. மீட்டரில் செருகியபடியே சுற்றும்போது அந்தக் கழுத்து தினமும் செங்குத்தாக மடிகிறது. குளிரும் இதற்குத் துணை போகிறது. விலை குறைந்த வயர்களின் பி.வி.சி. உறை குளிரில் விறைக்கும்; சுற்றிய வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். சிலிக்கோன் உறை போட்ட வயர் மலைக்குளிரிலும் மிருதுவாகவே இருக்கும். கொஞ்சம் கூடுதல் விலை. மலையில் வேலை செய்பவர்களுக்கு அது வீண் செலவு இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும்போது மீட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. படிவம் ஐந்து இயற்பியலில் வரும் மின்தடைச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எல்லா இழைகளும் அறுந்து, 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஓர் இழை மிச்சம் இருக்கிறது என்றால், அந்த இடத்தின் தடை சுமார் 0.002 ஓம். சாதாரண மீட்டர் 0.1 ஓமுக்குக் கீழே காட்டாது. வோல்ட் அளக்கும்போதோ டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். அதற்கு முன்னால் 0.002 எம்மாத்திரம்? ஆக, கடைசி இழை இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். அதுவும் போன நொடியில் பூஜ்ஜியம். நேற்று சரியாக இருந்தது என்பதை நம்பி இன்று கையை வைக்க முடியாது.

அடுத்து, முறுக்கு. மீட்டரைச் சுற்றிய வயரை, சுற்றியபடியே திருப்பிப் பிரித்தால் சிக்கல் இல்லை. அவசரத்தில் யார் அப்படிப் பிரிக்கிறார்கள்? சுருளை அப்படியே உருவி, நுனியைப் பிடித்து இழுக்கிறோம். அப்போது ஒவ்வொரு சுற்றும் வயருக்குள் ஒரு முழு முறுக்காக மாறுகிறது. ஐந்து சுற்றென்றால் ஐந்து முறுக்கு. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் நீளமான ரப்பர் குழாயை இழுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முறுக்கேறிய குழாய் ஓரிடத்தில் காதுபோல் மடிந்து தண்ணீரை அடைத்துக்கொள்ளும். அந்த மடிப்பு வயரில் விழுந்தால், இழை ஒடியும் இடம் அதுவே.

சரி, சுற்றவே வேண்டாம், பெட்டிக்குள் அப்படியே போட்டுவிடலாமா? 2007-இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெட்டிக்குள் ஒரு நூலைப் போட்டு, பெட்டியைப் பத்துத் தடவை உருட்டினார்கள். இப்படி 3,415 தடவை! நூல் 46 சென்டிமீட்டரைவிடக் குட்டையாக இருந்தால் முடிச்சு அநேகமாக விழவே இல்லை. அதிலிருந்து 1.5 மீட்டர் வரை முடிச்சு விழும் வாய்ப்பு சரசரவென்று ஏறியது; அதற்கு மேலே பாதிக்குப் பாதி. 120 வகை முடிச்சுகளை எண்ணினார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது.

மல்டிமீட்டர் வயரின் நீளம் பெரும்பாலும் 1 முதல் 1.2 மீட்டர். வாய்ப்பு வேகமாக ஏறும் அதே பகுதி! நூலைவிட வயர் விறைப்பானது என்பதால் முடிச்சு சற்றுக் குறையலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் கிடக்கும் மீட்டரை நினைத்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு, குழிக்குக் குழி அந்தப் பெட்டி குலுங்குகிறது. பத்துத் தடவையோடு நிற்குமா?

அந்த ஆய்வு ஒரு வழியையும் காட்டியது. முடிச்சு போடுவது நூலின் நடுப்பகுதி அல்ல, அலையும் நுனி. அது பக்கத்துச் சுற்றுகளுக்கு மேலும் கீழும் புகுந்து புகுந்துதான் முடிச்சு உருவாகிறது. நுனியைக் கட்டிப் போட்டால் கதை முடிந்தது.

ஆகவே முதலில் பிளக்குகளை மீட்டரிலிருந்து கழற்றுங்கள். இரண்டு வயர்களையும் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கை அகலத்தில் தளர்வான வளையமாக விடுங்கள். முதல் வளையம் வழக்கம்போல. அடுத்த வளையத்தில் வயரை விரல்களுக்கிடையே உருட்டி எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். ஒன்றின் முறுக்கை மற்றொன்று தின்றுவிடும். மேடை ஒலிபெருக்கி வயர்களை இப்படித்தான் சுருட்டுவார்கள். பட்டம் விடுபவர்கள் குச்சியில் நூலை எட்டு வடிவில் சுற்றுவதும் இதே கணக்குத்தான். நான்கு நுனிகளையும் சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையால் மெதுவாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம்; அது இறுக்கும், நாளானால் உருகி ஒட்டும். கூர்முனைகளுக்கு மூடி போடுங்கள்.

எடுக்கும்போதும் ஒரு சோதனை உண்டு. மீட்டரைத் தொடர்ச்சி சோதிக்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவையுங்கள். ‘பீப்’ என்று கேட்கும். அத்தோடு விட்டுவிடாதீர்கள். பிளக்கின் கழுத்து, முனையின் கழுத்து, நடுவில் மடிந்த இடம் எல்லாவற்றையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓசை விட்டு விட்டு வந்தால் கடைசி இழைகள் ஊசலாடுகின்றன என்று அர்த்தம். வீட்டு மின்சாரத்தைச் சோதிப்பது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. உங்களுக்குப் பள்ளிப் பட்டறையில் 9 வோல்ட் பேட்டரி போதும். நல்ல வயர்மேன் மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் முதலில் மீட்டரைச் சோதிப்பார், பிறகு சந்தேகமான இடத்தில் வைப்பார், மறுபடியும் முதல் இடத்துக்கே வந்து சரிபார்ப்பார். பூஜ்ஜியத்தை அவர் ஒரு தடவையில் நம்புவதில்லை.

ஓசை விட்டு வந்த வயரை டேப் சுற்றி மீண்டும் பெட்டியில் போடாதீர்கள். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகக் கிடந்தால், உறை நன்றாக இருக்கிறதே என்று வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.