உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. மருந்தும் கிளினிக் வாசலும்

இலங்கையில் எச்.ஐ.வி. மருந்து 2004 முதல் அரச மருத்துவமனைகளில் இலவசம். திருகோணமலையிலும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. ஆனால் முகம் தெரிந்தவர்கள் நிறைந்த துறைமுக நகரில் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே போவதே பலருக்குப் பெரும்பாடு.

அடுத்த தடை கடல். எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் தவறவிடக் கூடாது; திருகோணமலையின் கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாள் மீன்பிடிப் படகில் போகிறவரோ வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. உடல்நிலை சீரானவர்களுக்கு 3 முதல் 6 மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலோடிகளுக்கு இது கட்டாயம் வேண்டும்.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை இலங்கை 2019இல் பெற்றது. அதற்கு உதவிய கர்ப்பகால எச்.ஐ.வி. பரிசோதனை நடப்பது, எல்லாக் கர்ப்பிணிகளும் கூச்சமின்றி வந்துபோகும் வழமையான தாய்மார் கிளினிக்கில்!