தோல் உணர்த்தும் தாகம்

நிறையத் தண்ணீர் அருந்தினால் தோல் மினுமினுக்கும் என்னும் அறிவுரை இன்று எங்கும் கேட்கிறது. பனிக்காலத்தில் கால்களில் வெள்ளை பூத்ததும், அதை நம்பிச் செம்பு செம்பாய் நீர் அருந்துவோர் பலர். அதே இல்லத்தில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் துவண்டு கிடக்கையில், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்" என்று ஒரு மிடறும் தர அஞ்சுவோரும் உண்டு. நீர் அதிகம் உதவாத இடத்தில் அதனை நம்புகிறோம். உயிர் காக்கும் இடத்தில் அதற்கு அஞ்சுகிறோம். இவ்விரு வறட்சிகளும் வெவ்வேறானவை என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மேற்புற வறட்சி

தோலின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஓர் அடுக்கு உள்ளது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக, அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே. உயிரற்ற செல்கள் செங்கற்களைப்போல் அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே கொழுப்புப் பொருள் சாந்துபோல் நிரம்பியுள்ளது. உடலிலுள்ள நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது இச்சுவரே. இத்தகைய காவல் இருந்தும், வியர்வை நீங்கலாகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டர் நீர் நாம் உணராமலே தோல் வழியாக வெளியேறுகிறது.

மிகுந்த வெந்நீர், காரம் மிக்க சோப்பு, அழுத்தித் தேய்த்தல், வறண்ட காற்று, முதுமை ஆகியவற்றால் இச்சாந்து குறைகிறது. அவ்வாறு பழுதுற்ற சுவரை உள்ளிருந்து நீர் ஊற்றி அடைத்தல் இயலுமோ? போதிய நீர் அருந்துவோர் மேலும் அருந்துவதால் தோல் சிறப்புறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குறைவாக அருந்தி வந்தோர் அளவைக் கூட்டியபோது சிறிது பயன் தெரிந்தது என்று சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன, அவ்வளவே.

இதற்கு ஏற்ற மருந்து நம் இல்லத்திலேயே உள்ளது. இளஞ்சூடான நீரில் விரைவாகக் குளித்து, மெல்ல ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது போதும். 2004-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெய்க்கு ஈடாகப் பயன் தந்தது தெரிய வந்தது. ஆயினும் வறட்சியோடு நமைச்சலும் நீடித்தால் மருத்துவரைக் காண்க. நீரிழிவு, சிறுநீரக நோய், தைராய்டு கோளாறு ஆகியவையும் அவ்வாறு வெளிப்படுவதுண்டு.

உயிரைத் தொடும் வறட்சி

பிறந்த குழந்தையின் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு நீரே. வயிற்றுப்போக்கும் வாந்தியும் அந்நீரையும் அதனோடு உப்பையும் விரைவில் பறித்துவிடுகின்றன. இரத்த ஓட்டம் தளராதிருக்க, தோலிலும் பிற திசுக்களிலும் உள்ள நீர் இரத்தத்தினுள் இழுக்கப்படுகிறது. அப்போது தோல் தன் மீள்தன்மையை இழக்கிறது.

இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கொப்பூழுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லப் பற்றித் தூக்கி விடுக. உடனே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். மெதுவாகத் திரும்பினால் நீரிழப்பு ஏற்பட்டுள்ளது. இரண்டு நொடிகளுக்கு மேலும் மடிந்து நின்று, கண்கள் குழிவிழுந்து, குழந்தை மயங்கிக் கிடந்தாலோ, குடிக்க இயலாதிருந்தாலோ, ஒரு கணமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

நீரிழப்பால் நேரும் மரணத்தை எளிய கரைசலால் தடுக்கலாம் என்பதை 1971-ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. போரினால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளிடையே அப்போது காலரா பரவியது. மேற்கு வங்க எல்லையிலுள்ள போங்கானில், நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துவரும் நிலை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்து, உறவினர் கைகளாலேயே நோயாளருக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே குறைந்தது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால், நோயுற்ற குடலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை.

ஆதலால் உலக சுகாதார நிறுவன முறைப்படி தயாரித்தது என்று அச்சிடப்பட்ட உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதில் குறித்துள்ள அளவு தூய நீரில் முழுவதையும் கரைக்கவேண்டும். பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பின் அளவு மிகலாகாது. ஒவ்வொரு முறை போனபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை சிறிது சிறிதாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

முதியோரை மறவாதீர்

முதியோரின் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால், மேற்கூறிய சோதனை அவர்களிடத்தில் ஏமாற்றிவிடும். தாக உணர்வும் வயதோடு குறைகிறது. உலர்ந்த நாக்கு, அடர்ந்த நிறமுடைய சிறுநீர், திடீர்த் தடுமாற்றம் ஆகியவற்றையே அவர்களிடம் கவனிக்கவேண்டும். "தாகமில்லை" என்று பாட்டி சொன்னாலும், மணிக்கொரு முறை அரைக் குவளை மோரோ நீரோ நீட்டுவது நம் கடமை. இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளோர்க்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.

கண்ணாடியில் தோன்றும் வறட்சிக்கு ஒரு துளி எண்ணெய் போதும். தொட்டிலிலும் கட்டிலிலும் கிடப்போரின் வறட்சியைக் கண்டுகொள்ள, நம் கண்ணும் கையும் வேண்டும்.