வேர் முற்றாத பல்லும் அதற்குரிய மருந்துப் பொருள்களும்

தகர நகரங்கள் பிறக்குமிடமாக நன்னூலார் சுட்டும் அண்பல், அஃதாவது மேல்வாய் முன்பல், குழந்தைக்கு ஏழெட்டு வயதில் முளைக்கிறது. வெளியே முழுப்பல்லாகத் தோன்றினாலும், உள்ளே வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி குவிய மேலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் ஓடி விழுந்து அடிபடுவதும் இவ்வயதில்தான்.

ஓசூரில் நம் உறவினர் வீட்டுச் சிறுவனுக்கும் இவ்வாறே நேர்ந்தது. "பால்பல்தானே, மறுபடி முளைக்கும்" என்று வீட்டார் இருந்துவிட்டனர். சில மாதங்களில் பல் கறுத்து, ஈற்றில் சீழ் கட்டியது. பெங்களூருக்கு அழைத்துச் சென்ற பிறகே அது நிலைப்பல் என்பதை அறிந்தோம்.

பல்லின் நடுவேயுள்ள பற்கூழ் இறந்தால் வேரின் வளர்ச்சி அவ்வளவில் நின்றுவிடும். பெரியவர்களுக்குச் செய்யும் வேர்ச் சிகிச்சை இங்குப் பொருந்தாது. நுனி புனல்போல் விரிந்திருப்பதால் அடைக்கும் பொருள் வெளியே பிதுங்கும்.

இதற்கு நெடுங்காலம் கையாளப்பட்டது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் தூய வடிவமே அது! 1920-இல் ஹெர்மன் என்பார் இதனைப் பல் மருத்துவத்திற்குக் கொணர்ந்தார். கிருமியைக் கொல்லும், வேர்நுனியில் கெட்டியான தடுப்பொன்று உருவாகத் தூண்டும். ஆயினும் பல மாதங்கள் உள்ளே இருப்பின் பல் வலுவிழந்து முறியக்கூடும் எனப் பின்னர்க் கண்டனர். 1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் குழுவினர் எம்.டி.ஏ. என்னும் பொருளை உருவாக்கினர். இது போர்ட்லாண்ட் சிமெண்டின் நெருங்கிய உறவு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்க்கப்பட்டது. ஈரத்திலும் இறுகும் சிமெண்டின் இயல்பு பல்லுக்கு உதவியது. (கட்டடச் சிமெண்டு பல்லுக்கு ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!)

இவ்விரண்டும் வேர்வாயை அடைத்தனவேயன்றி வேரை வளர்க்கவில்லை. 2001-இல் ஜப்பானின் இவாயா குழுவினரும், 2004-இல் பாங்ஸ், ட்ரோப் இருவரும் புதுவழி காட்டினர். நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டால் பல்லினுள் கழுவி, மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளின் பசையைச் சில வாரம் வைப்பர். அவற்றுள் மினோசைக்ளின் பல்லைக் கறுக்கச் செய்வதால், பலர் பழைய சுண்ணாம்புக்கே குறுகிய காலத்திற்குத் திரும்பினர். அடுத்த வருகையில் ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவுவர், அது பற்சுவரில் உறைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளிக்கொணரும். பின் ஊசியால் நுனிக்கு அப்பால் தீண்டிக் குருதி கசியச் செய்வர். உறைந்த அக்குருதியே சாரமாகி, வேர்நுனியின் மூல உயிரணுக்களுக்கு இடமளிக்கிறது. மேலே எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் கொண்டு மூடுவர். ஆக, தலையாய பொருள் குழந்தையின் சொந்தக் குருதியே, கடையில் வாங்குவதற்கில்லை.

நம் நாட்டில் தில்லி எய்ம்ஸைச் சேர்ந்த நசீம் ஷா குழுவினர் 14 பற்களில் இம்முறையை ஆய்ந்து 2008-இல் வெளியிட்டனர். எனினும் உள்ளே வளர்வது பெரும்பாலும் எலும்பை ஒத்த திசுவே. உண்மையான பற்கூழ் எனக் கூறுவதற்கில்லை. சுவர் தடிப்பதும் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும்.

இங்கேதான் நம் பகுதியின் இடர்ப்பாடு. சிப்காட் ஆலையில் ஷிப்டு பார்க்கும் தந்தை ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஊதியத்தை இழந்தே பிள்ளையை அழைத்துச் செல்கிறார். வலி நின்றதும் போக்கும் நின்றுவிடுகிறது; தற்காலிக அடைப்பு தேய்ந்து கிருமி மீண்டும் நுழைகிறது. நம் சிறுவனின் தந்தையும் இரண்டாம் வருகையைத் தள்ளிப்போட எண்ணினார், வற்புறுத்தி அனுப்பினோம். ஆறாம் மாத எக்ஸ்ரேயில் நுனி சற்றே குவிந்திருந்தது. அடுத்த படத்திற்கு ரமலான் முடிந்து செல்கின்றனர்.