செவ்வாய்க் கிரகத்துச் சுழற்காற்று

கோடைக்காலத்து நண்பகலில் ஆரணியைச் சூழ்ந்த வெளிகளிலும், கமண்டல நாகநதியின் வறண்ட மணலிலும், புழுதிச் சுழல்கள் தூண்போல் எழுந்து ஓடுதலை நாம் கண்டிருக்கின்றோம். பட்டு நெய்வோர்க்கு இக்காற்று பகையே. தெருவில் நீட்டிய பாவில் புழுதி படிதல் நெசவுக்கு ஆகாது. பாமர மக்கள் இதனைப் பேய்க்காற்று என்பர். இத்தகைய காற்று செவ்வாய்க் கிரகத்திலும் எழுகின்றது என்பதும், அங்கே அது நன்மையும் செய்கின்றது என்பதும் வியப்பிற்குரியன.

இஃது உண்டாகும் விதத்தை முதலில் ஆராய்வோம். வெயிலால் நிலம் மிகக் காய்ந்தவிடத்து, அதனை ஒட்டிய காற்று சூடேறி இலேசாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்பச் சுற்றிலுமுள்ள காற்று விரைந்து வரும். அதிலுள்ள சிறு சுழற்சி மையத்தை நெருங்க நெருங்க வேகம் மிகப் பெறும். கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றி, கயிற்றை விரலில் சுற்றவிட்டால், கயிறு குறுகுந்தோறும் கல் விரைந்து சுழலுமன்றோ? அதுவே இங்கும் நிகழ்வது. சுழலின் நடுவே காற்றழுத்தம் குறைந்திருக்கும். கடற்புயலைப் போல் இதற்கு மேகம் வேண்டா. தெளிந்த வானமும் காய்ந்த நிலமுமே போதும்.

செவ்வாயில் இவ்விரண்டும் உண்டு. ஆனால் அங்குள்ள வாயுமண்டலம் பெரும்பாலும் கரியமில வாயு. அதன் அழுத்தம் பூமியிலுள்ளதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. எனவே காற்றின் விசை சிறிது. எனினும் சுழல்களோ மிக உயர்வன. 2012-ம் ஆண்டில் விண்ணிலிருந்து படமெடுக்கப்பட்ட ஒன்று ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயர்ந்திருந்தது.

வைகிங் கலங்கள் அனுப்பிய படங்களில் இச்சுழல்களை அறிஞர் கண்டு 1985-ல் வெளியிட்டனர். 1997-ல் பாத்பைண்டர் என்னும் கலத்தின் கருவி, அழுத்தம் சட்டெனக் குறைந்து மீளுதலைக் குறித்து, கண்ணுக்குப் புலனாகாத சுழல்களையும் காட்டிற்று. 2021 செப்டம்பர் 27-ந் தேதி, பெர்ஸிவியரன்ஸ் என்னும் ஊர்தி தன்மேல் கடந்து சென்ற சுழலின் ஒலியையே பதிவு செய்தது. செவ்வாயின் புழுதியை ஆராய்ந்ததில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5-ந் தேதி புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பரில் அக்கிரகத்தை அடைந்து, அதன் வடபாகத்தில் எழுந்த புழுதிப் புயலைப் படமெடுத்து அனுப்பியது.

இவ்வாராய்ச்சியால் யாது பயன் என்று சிலர் வினவலாம். செவ்வாயில் இறங்கும் பல யந்திரங்களுக்கு வெயிலை மின்சாரமாக்கும் பலகைகளே உயிர். அவற்றின்மேல் புழுதி படியப் படிய அவ்வுயிர் தேயும். ஏறக்குறைய மூன்று மாதம் உழைப்பதற்கென 2004-ல் இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தியின் பலகைகளை, 2005 மார்ச்சில் காற்றே துடைத்தது, மின்சாரம் பெருகிற்று, ஊர்தி 2010 வரை செய்தி அனுப்பியது. 2018-ல் இறங்கிய இன்ஸைட் கலத்திற்கோ அப்பேறு வாய்க்கவில்லை. அதன் அழுத்தக் கருவி எண்ணற்ற சுழல்களைக் குறித்தும், பலகைகள் தூய்மையுறவில்லை. புழுதி மூடி, 2022 டிசம்பரில் அதன் பேச்சு அடங்கிற்று. காற்று எங்கு, எப்பொழுது எழும் என்று அறிதல் அங்கு யந்திரங்களின் ஆயுளையே அறிதலாகும்.

ஆதலின் மாணவ நண்பர்களே, வருங்கோடையில் ஒரு சுழலைக் காணின், கண்ணை மூடி ஒதுங்குவதோடு நில்லாது, எழுந்த நேரம், இடம், உயரம், எத்திசையாகச் சுழன்றது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்போமாக. இவை இடமாகவும் சுழலும், வலமாகவும் சுழலும். எண்ணிப் பார்த்தவர்க்கே அது விளங்கும். ஆரணி மணலிலும் செவ்வாயின் செம்மண்ணிலும் காற்றை ஆளும் நியதி ஒன்றே. பேய் என்று அஞ்சியதை அளந்து அறியத் தலைப்படுதலே கல்வியின் பயன்.